யாரு வர்றா?

ஊர்ல டென்னிஸ் போட்டி நடக்குது, வா போலாம்னு யாரையாவது கூப்பிட்டுப் பாருங்கள். நம்ம மக்கள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"யாரு வர்றா?"

எத்தனை மணிக்கு, எங்கே, டிக்கெட் எவ்வளவு, எதுவும் கிடையாது. யாரு வர்றா. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் கூட மாப்பிள்ளை யாருன்னு கேட்பதற்கு முன்னாடி மண்டபம் எங்கேன்னு கேட்பான் என் நண்பன். டென்னிஸுக்கு மட்டும் ஆள் பெயர் தெரிந்தாக வேண்டும்.

இந்தக் கேள்வியின் மேல் எனக்குப் பல நாள் கடுப்பு. இன்று கொட்டிவிடுகிறேன். கிளாஸ்மேட்டுகள் யாராவது "இது என்னைத்தானே சொல்றான்" என்று நினைத்தால், ஆமாம், உன்னைத்தான் :-)

2024 பிப்ரவரி. நான் காலேஜ் முதல் வருஷம். நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியத்தில் சென்னை சேலஞ்சர் போட்டி. நாலு பேரைக் கூப்பிட்டேன். நாலு பேரும் அதே கேள்வி. "சுமித் நாகல் ஆடறார்டா" என்றேன். "அது யாரு?" என்றான் ஒருத்தன். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச்சுற்று ஆடி உள்ளே வந்து, 31-வது இடம் தரப்பட்டிருந்த பப்ளிக்கை முதல் சுற்றில் வீழ்த்தியிருந்தார் நாகல். கிராண்ட்ஸ்லாம் போட்டியில் தரவரிசை தரப்பட்ட வீரரை ஓர் இந்திய ஆண் ஒற்றையரில் ஜெயித்தது, 1989-இல் நம்ம ஊர் ரமேஷ் கிருஷ்ணன் விலாண்டரைத் தோற்கடித்த பிறகு அதுதான் முதல் தடவை. 35 வருஷம்! ஆனாலும் "அது யாரு?"

தனியாகத்தான் போனேன். பிப்ரவரி 11 அன்று இறுதி ஆட்டத்தில் நாகல் இத்தாலியின் லூகா நார்டியைத் தோற்கடித்தார். மறுநாள் உலகத் தரவரிசையில் 98-வது இடம், முதல் தடவையாக நூறுக்குள். அன்று சாயங்காலம் நம்ம நாலு பேரில் மூன்று பேருடைய ஸ்டேட்டஸில் நாகல் படம். "பெருமையாக இருக்கிறது" என்று ஒரு வரி வேறு. நல்லா இருங்கடே!

சென்னைக்காரனுக்கு இதை விளக்க மார்கழியைத்தான் இழுக்க வேண்டும். சபாக்களில் மத்தியானக் கச்சேரி என்று ஒன்று உண்டு. பல இடங்களில் இலவசம். பாடுகிறவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. கேட்பவர்கள் முப்பது பேர், அதில் பத்துப் பேர் பாடுகிறவரின் சொந்தக்காரர்கள், அஞ்சு பேர் கேன்டீன் திறக்கக் காத்திருப்பவர்கள். ஆனால் இன்றைக்கு ஆறரை மணிக் கச்சேரியில் அரங்கு நிறைக்கிற வித்வான்களில் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் அந்த மத்தியானத்தில் உட்கார்ந்து பாடியவர்கள்தானே. "அவரை நான் மத்தியான ஸ்லாட்டிலேயே கேட்டிருக்கேன்" என்று சொல்லும் பெரியவர் முகத்தில் ஒரு பெருமிதம் இருக்கும் பாருங்கள், அது காசு கொடுத்து முன்வரிசையில் உட்காருபவருக்கு வராது.

டென்னிஸிலும் அதே கதைதான். சென்னை ஓபன் பெரும்பாலான வருஷங்களில் நடந்ததே அந்த மார்கழி முடிகிற நேரத்தில்தான், ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி. 1997 முதல் 2017 வரை, 21 வருஷம் தொடர்ந்து. அந்த 21 வருஷத்தில் நுங்கம்பாக்கத்துக்கு "யாரோ" என்று வந்து போனவர்கள் பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள்.

2004-இல் 17 வயதுப் பையன் ஒருத்தன் ஸ்பெயினிலிருந்து வந்தான். டாமி ரொபரெடோவோடு சேர்ந்து இரட்டையர் பட்டத்தை ஜெயித்துவிட்டுப் போனான். பெயர் ரஃபேல் நடால். அடுத்த வருஷம் பிரெஞ்சு ஓபன் அவன் கையில். அந்த இரட்டையர் ஆட்டத்துக்கு எத்தனை பேர் "யாரு வர்றா" என்று கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார்களோ!

2009-இல் சோம்தேவ் தேவ்வர்மன். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2007, 2008 இரண்டு வருஷமும் கல்லூரி சாம்பியன். நம்மைப் போல அசைன்மென்ட் எழுதிய ஆள்! வைல்டு கார்டில் உள்ளே வந்தார். இங்கே ஏற்கெனவே இரண்டு தடவை பட்டம் ஜெயித்திருந்த மோயாவைத் தோற்கடித்தார். பனைமரம் மாதிரி நிற்கும் கார்லோவிச்சையும் தோற்கடித்தார். இறுதி ஆட்டம் வரை போனார். அங்கே அவரை ஜெயித்தவர் மரின் சிலிச். அந்த சிலிச் 2014-இல் யுஎஸ் ஓபன் சாம்பியன்.

2014-இல் வாவ்ரிங்கா இங்கே கோப்பையைத் தூக்கினார். அதே மாதம் ஆஸ்திரேலிய ஓபன் கோப்பையையும் தூக்கினார். 2017-இல் 20 வயது ரஷ்யப் பையன் ஒருத்தன் தன் வாழ்க்கையின் முதல் ஏடிபி இறுதி ஆட்டத்தை நுங்கம்பாக்கத்தில் ஆடி, பவுடிஸ்டா அகுட்டிடம் தோற்றான். பெயர் டேனியல் மெத்வதேவ். 2021-இல் யுஎஸ் ஓபன், 2022-இல் உலகின் நம்பர் ஒன்.

இதைப் படித்துவிட்டு "அடடா, மிஸ் பண்ணிட்டோமே" என்று உச்சுக்கொட்டுவதில் பயனில்லை. ஒரு போட்டியில் யார் வருகிறார்கள் என்பது அந்த வருஷம் யாருக்கும் முழுசாகத் தெரியாது. அஞ்சு பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் இந்தக் கேள்வியே தப்பு என்கிறேன்.

சரி, பெரிய ஆள் வந்தால் மட்டும் போவது லாபமா? அதற்கும் எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. 2008-இல் நடால் சென்னைக்கு வந்தார். எங்க மாமா டென்னிஸ் ரசிகர், அதாவது நடால் ரசிகர். "எப்படியும் ஃபைனலுக்கு வந்துருவான், ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் எடுத்தாப் போதும்" என்று கணக்குப் போட்டார். சனிக்கிழமை அரை இறுதியில் நடாலும் மோயாவும் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆடினார்கள். 6-7, 7-6, 7-6. மூன்று செட்டும் டை-பிரேக்கர். மொத்தம் 39 கேம். சென்னையில் நடந்த மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று என்று இன்றுவரை பேசுகிறார்கள். அந்த நேரத்தில் மாமா தி.நகரில் மளிகை வாங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் ஆசை ஆசையாய் ஸ்டேடியத்துக்குப் போனார். காலில் தெம்பே இல்லாத நடாலை மிகயில் யூஷ்னி 6-0, 6-1 என்று துவைத்து அனுப்பினார். மொத்தம் 13 கேம். மாமா வாங்கின பாப்கார்ன் தீருவதற்குள் பரிசளிப்பு விழா ஆரம்பித்துவிட்டதாம். இன்றைக்கும் அந்தப் பேச்சு எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

பெயரை நம்பிப் போனவருக்கு 13 கேம். ஆட்டத்தை நம்பிப் போனவருக்கு 39. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அடுத்த எதிர்க்கேள்வி தயாராக இருக்கும். "டிவியில பாத்தா போதாதா? க்ளோஸப், ரீப்ளே எல்லாம் வருதே."

வரும். ஆனால் டிவி ஒன்றை மட்டும் காட்டவே காட்டாது. பந்தின் உயரத்தை. கேமரா கோர்ட்டுக்குப் பின்னால் உயரத்தில் இருப்பதால் எல்லா அடியும் தட்டையாகத் தெரியும். நேரில் கோர்ட் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு கனமான டாப்ஸ்பின் ஃபோர்ஹேண்ட் வலைக்கு மேலே ஒரு ஆள் உயரம் எழும்பிப் போய், சட்டென்று கோட்டுக்குள் விழுந்து, எதிராளியின் தோளுக்கு மேல் எகிறும். அப்போதுதான் அவர் ஏன் பின்னால் பின்னால் போகிறார் என்று புரியும். 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சர்வ் வந்தால், கோர்ட்டின் கிட்டத்தட்ட 24 மீட்டரைக் கடந்து எதிராளியிடம் வர அரை நொடிக்குச் சற்று மேல்தான் ஆகும். டிவியில் அது ஒரு எண். நேரில், "இதை எப்படிய்யா திருப்பினான்?" என்று வாய் பிளக்க வைக்கும் விஷயம்.

அப்புறம் சத்தம். நல்லா அடிபட்ட பந்தின் சத்தமும் சரியாகப் படாத பந்தின் சத்தமும் வேற வேற. அரை மணி நேரம் கவனித்தால் கண்ணை மூடிக்கொண்டே யார் திணறுகிறார் என்று சொல்லிவிடலாம். முதல் ஏழு கேம் முடிந்ததும் பந்துகளை மாற்றுவார்கள், அப்புறம் ஒவ்வொரு ஒன்பது கேமுக்கும். புதுப் பந்து வந்ததும் சர்வ் திடீரென்று சீறும். சர்வ் போடுகிறவர் மூன்று நாலு பந்தை வாங்கி, பஞ்சு குறைவாக நிற்பதைத் தேர்ந்தெடுத்து, மிச்சத்தைத் தட்டிவிடுவார். கடைக்காரனிடம் தக்காளி பொறுக்குகிற மாதிரியே இருக்கும். இதெல்லாம் நேரில்தான் சுவாரஸ்யம்.

நான் பார்த்ததிலேயே எனக்குப் பிடித்த ஆட்டத்தைச் சொல்கிறேன். நாகல் ஜெயித்த இறுதி ஆட்டம் இல்லை. அதே வாரத்தின் தொடக்கத்தில், பெரிய கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன கோர்ட்டில் ஒரு தகுதிச்சுற்று. இரண்டு பேர் பெயரும் எனக்குத் தெரியாது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. பார்வையாளர்களை எண்ணினேன், என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். அதில் ஒருத்தர் ஒரு ஆட்டக்காரரின் கோச். இன்னொருத்தர் நிழல் இருக்கிறதே என்று வந்து உட்கார்ந்தவர்.

முதல் செட் வேடிக்கை பார்த்தேன். இரண்டாவது செட்டில் ஒரு பக்கம் சாய்ந்தேன். மூன்றாவது செட்டில் நின்றுகொண்டு கை தட்டிக்கொண்டிருந்தேன். நிழலுக்கு வந்தவரும்தான். என் பக்கத்து ஆள் தோற்றார். கடைசிப் பந்து வலையின் மேல் பட்டு, இந்தப் பக்கமே விழுந்தது. கை கொடுத்துவிட்டு வந்து, பெஞ்சில் துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எல்லாரும் போய்விட்டார்கள். பந்து பொறுக்கும் பையன்கள் தண்ணீர் பாட்டில்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனுஷனுக்குத் தகுதிச்சுற்றில் தோற்றதற்குச் சில நூறு டாலர் கிடைத்திருக்கும். விமான டிக்கெட்டுக்குக் கூடப் போதாது. அடுத்த வாரம் வேறொரு ஊர், மறுபடி தகுதிச்சுற்று.

வெளியே போகும்போது என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். பதினொரு பேர் இருந்த இடத்தில் கை தட்டினால் யார் தட்டியது என்று ஆட்டக்காரருக்குத் தெரியும். ஆறாயிரம் பேர் இருந்தால் தெரியாது. நான் ரசிகன் என்று எனக்கே நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

இவர்களுடைய நிலைமை எனக்குத் தோன்றும் பரிதாபம் மட்டும் இல்லை. அதே நாகல், இந்தியாவின் நம்பர் ஒன் வீரராக இருந்தபோதே, 2023-இல் ஒரு பேட்டியில் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோ அளவுதான் இருக்கிறது என்று சொன்னார். நம்பர் ஒன்னுக்கே இந்தக் கதி. கோச், பிசியோ, விமானம், ஹோட்டல் எல்லாம் அவர்கள் கைக்காசு. கிரிக்கெட் மாதிரி வாரியம் சம்பளம் போட்டுக் கொடுக்காது. இப்படிப்பட்டவர்கள் மேலே ஏறுவதற்கு இருக்கும் ஏணி இந்தச் சின்னப் போட்டிகள்தான். அந்த ஏணி நம்ம ஊரில் நிற்கும்போது நாம் கேட்பது, யாரு வர்றா!

"எனக்கு ரூல்ஸ் தெரியாதே, அங்கே எல்லாம் இங்கிலீஷ் பேசற கிளப் ஆளுங்கதானே வருவாங்க" என்று கூச்சப்படுபவர்களுக்கு: ரூல்ஸ் என்பது மூன்றே மூன்று. பாயின்ட் நடக்கும்போது எழுந்து நடக்காதே. ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும்போது உள்ளே போ, வெளியே வா. போனை அமுக்கி வை. அவ்வளவுதான். 15, 30, 40 எண்ணிக்கை இரண்டே கேமில் பிடிபட்டுவிடும். பாயின்ட் முடிந்ததும் விசில் அடிக்கலாம், கத்தலாம், ஒருத்தரும் தூக்கிலிட மாட்டார்கள். "ஷ்ஷ்" என்று திரும்பி முறைக்கும் அங்கிள் ஒருத்தர் எல்லா வரிசையிலும் இருப்பார். பாயின்ட் நடுவே முறைத்தால் அவர் சொல்வது நியாயம். பாயின்ட் முடிந்த பிறகும் முறைத்தால், தாராளமாகத் திருப்பி முறைக்கவும். டென்னிஸ் யாருடைய அப்பா வீட்டுச் சொத்தும் இல்லை.

"ஸ்டார் வந்தாத்தானே ஸ்பான்சர் வருவான், ஸ்பான்சர் வந்தாத்தானே போட்டி நடக்கும்" என்கிறீர்களா? ஒத்துக்கொள்கிறேன். நாளைக்கு அல்கராஸ் நுங்கம்பாக்கம் வந்தால் முதல் ஆளாகக் க்யூவில் நிற்பேன், மறைப்பானேன். ஆனால் ஸ்டாரை மட்டும் நம்பின போட்டி எப்படி இருக்கும்? ஸ்டார் முதல் சுற்றில் தோற்றால் செவ்வாய்க்கிழமையே கடை காலி. முதுகு பிடித்துக்கொண்டு வராமலே போய்விட்டால் அதுவும் இல்லை. ஆட்டத்துக்காக வரும் ரசிகர்கள் ஆயிரம் பேர் இருந்தால், ஸ்டார் தோற்றாலும் போட்டி நிற்கும். தோற்கடித்தவன் யாரென்று பார்க்க வருவார்கள் அல்லவா!

இப்போது என் குட்டும் உடையட்டும். 2022 செப்டம்பரில் சென்னையில் முதல் முறையாக டபிள்யூடிஏ போட்டி நடந்தது. நான் அப்போது பன்னிரண்டாவது. பக்கத்து வீட்டு அக்கா, "வர்றியாடா, கூட்டிட்டுப் போறேன்" என்றார். நான் கேட்டேன்: "யாருக்கா வர்றா?"

ஆமாம். நானேதான். அக்கா நாலு பெயர் சொன்னார். ஒன்றும் தெரியவில்லை. காலாண்டுப் பரீட்சை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பரீட்சைக்கும் ஒழுங்காகப் படிக்கவில்லை என்பது தனிக் கதை. அந்த வாரம் பட்டம் ஜெயித்தது செக் நாட்டின் லிண்டா ஃப்ருவிர்தோவா. இறுதி ஆட்டத்தில் முதல் செட்டை இழந்து, மூன்றாவது செட்டில் லினெட்டை ஜெயித்தார். வயது 17. அப்போது எனக்கும் 17. என் வயசுப் பெண் ஒருத்தி, என் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில், வாழ்க்கையின் முதல் டூர் பட்டத்தை ஜெயிக்கிறாள். நான் வீட்டில் போனை நோண்டிக்கொண்டிருக்கிறேன். மறுநாள் பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்தபோது வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. இந்தப் பதிவே அந்த எரிச்சல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த சென்னை ஓபன் 2018-இல் புனேக்குப் போனது. 2023 ஜனவரியோடு அங்கேயும் முடிந்தது. அதற்குப் பிறகு இந்தியாவில் ஆண்களுக்கான ஏடிபி டூர் நிலைப் போட்டி நடக்கவில்லை. போனதற்கு ஒப்பந்தம், பணம் என்று ஆயிரம் காரணம் இருக்கும். ரசிகன்தான் காரணம் என்று சொன்னால் அது அபாண்டம். ஆனால் ஒன்று கேட்கிறேன். 21 வருஷம் நம்ம ஊரில் இருந்த ஒன்று கிளம்பிப் போனபோது நமக்கு எத்தனை நாள் வலித்தது? எங்கள் தெருவில் ஒருத்தரும் அதைப் பேசியதாக எனக்கு நினைவில்லை. சேப்பாக்கத்தில் ஒரு மேட்சை வேறு ஊருக்கு மாற்றினால் டீக்கடையெல்லாம் பற்றி எரியும். ஆட்டத்தோடு பழக்கம் இருந்தால்தான் அது போகும்போது வலிக்கும். பெயர்களோடு மட்டும் பழகினவனுக்கு, அந்தப் பெயர்கள் டிவியில் வந்துகொண்டிருக்கும் வரை எதுவும் போனதாகத் தெரியாது.

நல்லவேளை, எல்லாம் போய்விடவில்லை. சேலஞ்சர் போட்டிகள் 2024-இலும் 2025-இலும் நடந்தன. 2025 அக்டோபர் கடைசியில் டபிள்யூடிஏ போட்டியும் மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. இந்தோனேஷியாவின் ஜேனிஸ் ட்ஜென் ஜெயித்தார். அவரும் சோம்தேவ் மாதிரி அமெரிக்கக் கல்லூரி டென்னிஸிலிருந்து வந்தவர். "அது யாரு?" என்று கேட்கப் போகிறீர்களா? கேளுங்கள். அஞ்சு வருஷம் கழித்து நானே பதில் சொல்கிறேன்.

அதனால மக்களே, அடுத்த தடவை நுங்கம்பாக்கத்தில் வலை கட்டும்போது நான் மறுபடி எல்லாரையும் கூப்பிடுவேன். தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.

டிஸ்கி: தகுதிச்சுற்று காலையிலேயே ஆரம்பித்துவிடும். தொப்பி, தண்ணீர் பாட்டில் உங்கள் பொறுப்பு. ஷேர் ஆட்டோ காசு என் பொறுப்பு. மாமாவிடமும் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை சனிக்கிழமையே வருகிறாராம் :-)